தூசு உறிஞ்சி வாங்குமுன் எந்த எண்ணைப் பார்ப்பது?

ஆர்பிடி பாடத்துக்காகப் பலகையை அறுத்து, துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்து ஒரு புத்தக அடுக்கு செய்திருப்பீர்கள். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் ஒரு கடையைப் புதுப்பிக்கும்போது தச்சரும் ஓடு பதிப்பவரும் அதே வேலையை நாள் முழுதும் செய்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேலை முடிந்ததும் துடைப்பம் வருகிறது. அது பெரிய தூளைக் கூட்டி ஒதுக்கும். நுண்ணிய தூசை மறுபடியும் காற்றில் கிளப்பிவிடும்.

அதற்குப் பதிலாக, மின்கருவியோடு இணைக்கக்கூடிய பட்டறைத் தூசு உறிஞ்சி ஒன்றை வாங்கலாம். கையில் 200, 300 ரிங்கிட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் குதிரைத்திறன், வாட், லிட்டர், கிலோபாஸ்கல் என்று பல எண்கள். இவற்றில் எது உங்கள் நுரையீரலைக் காக்கும்? படிவம் மூன்று அறிவியல் தெரிந்தவர் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தூசு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். ரம்பத்தூள் இதைவிடப் பெரியது. உடனே தரையில் விழுந்துவிடும். ஆனால் தேய்ப்பு இயந்திரம் 10 மைக்ரோனுக்கும் குறைவான துகள்களையும் உண்டாக்குகிறது. அவற்றில் மிகச் சிறியவை மூச்சுக்காற்றோடு நுரையீரலின் காற்றறைகள் வரை போகின்றன.

அசையாத காற்றில் ஒரு நுண்துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரோன் துகள், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 8 நிமிடம் எடுக்கும். 1 மைக்ரோன் துகளின் வேகம் அதில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே அதற்கு ஏறத்தாழ அரை நாள் ஆகும். காலையில் தேய்த்த பலகையின் தூசை மாலையில் அந்த அறைக்கு வரும் தம்பி சுவாசிக்க முடியும்.

அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூசை 1995ஆம் ஆண்டிலும், கல், ஓடு, கான்கிரீட்டிலிருந்து வரும் படிகச் சிலிக்காத் தூசை 1997ஆம் ஆண்டிலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு நாள் பலகை தேய்த்ததால் நோய் வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆனால் நல்ல பழக்கத்தைத் தொடங்க வேண்டிய வயது உங்கள் வயதுதான்.

குதிரைத்திறன் கணக்கு

சில பெட்டிகளில் ‘6 குதிரைத்திறன்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை நாமே சோதித்துப் பார்க்கலாம். மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் பியூஸ் அதிகபட்சம் 13 ஆம்பியர். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். 230 × 13 = 2990 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். வகுத்தால் விடை 4.

ஆக, நம் வீட்டுப் பிளக்கிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கக்கூடிய திறனே 4 குதிரைத்திறன்தான். 6 என்பது மோட்டார் ஒரு கணம் காட்டும் உச்சம். வேலை நேரத்தில் கிடைக்கும் திறன் அன்று. அந்த எண்ணை விட்டுவிட்டு, இயந்திரத்தின் அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள வாட் எண்ணைப் படியுங்கள். அதுவும் இயந்திரம் எவ்வளவு மின்சாரம் வாங்குகிறது என்பதையே சொல்லும். எவ்வளவு தூசு உறிஞ்சும் என்பதைச் சொல்லாது.

இழுவையும் காற்றோட்டமும்

உறிஞ்சும் திறனைச் சொல்வது இரண்டு எண்கள். ஒன்று இழுவை அழுத்தம்; கிலோபாஸ்கலில் இருக்கும். மற்றது காற்றோட்டம், ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று போகிறது என்பது. உறிஞ்சு குழலால் கெட்டியான பானத்தைக் குடிக்கும்போது இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. மின்விசிறியில் ஓட்டம் அதிகம், இழுவை மிகக் குறைவு. தூசு உறிஞ்சிக்கு இரண்டும் வேண்டும்.

பெட்டியில் போடும் இழுவை எண், குழாயை முழுதாக அடைத்து அளந்தது. அப்போது காற்றோட்டம் சுழி. காற்றோட்ட எண், தடையே இல்லாமல் அளந்தது. அப்போது இழுவை ஏறக்குறைய சுழி. இரண்டு உச்சமும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. ஓர் இயந்திரத்துக்கு 20 கிலோபாஸ்கல், விநாடிக்கு 30 லிட்டர் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்று கூடக்கூட மற்றது நேர்க்கோட்டில் குறைந்தால், நடுப்புள்ளியில் 10 கிலோபாஸ்கலும் 15 லிட்டரும் இருக்கும். பெருக்கினால் 150 வாட். காற்றை நகர்த்தும் உண்மையான திறன் அதுதான். மீதி மின்சாரம் வெப்பமாகவும் இரைச்சலாகவும் போகிறது. ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டிருக்கும் இயந்திரத்தையே ஒப்பிட முடியும்.

குழாயையும் கவனியுங்கள். உள்விட்டம் பாதியானால் குறுக்குப் பரப்பு கால் பங்காகும். காற்றோட்டமும் வெகுவாகக் குறையும். குழாயின் முனை உங்கள் கருவியின் தூசு வாயில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரப்பர் இணைப்பான் வாங்கலாம்.

ஏன் கருவியோடு இணைக்க வேண்டும்? உள்ளங்கையை ஓர் அடி தள்ளி வைத்து ஊதுங்கள், காற்று தெரியும். அதே தூரத்தில் உறிஞ்சிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. குழாய் வாயிலிருந்து ஒரு விட்ட தூரம் தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. தூசு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும்.

வடிகட்டியே காவலாளி

பிடித்த தூசு எங்கே போகிறது? வடிகட்டி மோசமானால், நுண்ணிய தூசு பின்பக்கமாக வெளியேறி அறை முழுதும் பரவும். அப்போது இயந்திரம் இருந்தும் பயனில்லை. வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கிறது. ஏன் 0.3? அதைவிடப் பெரியவை இழைகளில் நேராக மோதி ஒட்டிக்கொள்ளும். அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் தள்ளப்பட்டுக் கோணல்மாணலாக அலைந்து இழையில் சிக்கும். இடைப்பட்டவையே எளிதில் தப்பும். அதனால் அந்த அளவில் சோதிக்கிறார்கள்.

ஐரோப்பிய வகைப்பாட்டில் பட்டறை உறிஞ்சிகளுக்கு எல், எம், எச் என மூன்று வகுப்பு உண்டு. எல் வகுப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவான தூசையே வெளியே விடும், எம் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு, எச் 0.005 விழுக்காட்டுக்கும் குறைவு. எம், எச் வகுப்பு இயந்திரங்கள் விலை அதிகம். குறைந்த பணத்தில் வாங்குவோர், துணி போன்ற தூசுப் பையும் அதற்குப் பின்னால் மடிப்பு வடிகட்டியும் பொருத்தக்கூடிய இயந்திரத்தைத் தேடலாம். மாற்றுப் பையும் வடிகட்டியும் அதே கடையில் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். பஞ்சு உறை மட்டும் இருந்தால் அது தண்ணீர் உறிஞ்சத்தான்; மரத்தூசுக்குப் போதாது.

பணம் மிச்சம் இருந்தால் வாளி மூடியில் பொருத்தும் சுழல் பிரிப்பான் வாங்கலாம். அதற்குள் காற்று சுழலும்போது கனமான தூள் சுவரில் மோதி வாளியில் விழும். வடிகட்டி சீக்கிரம் அடையாது. மர ஆலைகளில் பயன்பட்ட இந்த முறையைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பையில்லா உறிஞ்சியை உருவாக்கினார். நுண்தூசு இதிலிருந்து தப்பும் என்பதால் வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்புக்கு நான்கு

1. கருவியும் உறிஞ்சியும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் ஓடினால் வாட்டைக் கூட்டுங்கள். 300 வாட் தேய்ப்பு இயந்திரமும் 1200 வாட் உறிஞ்சியும் சேர்ந்து 1500 வாட். 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். இது சரி. 1400 வாட் வட்ட ரம்பமும் 1400 வாட் உறிஞ்சியும் என்றால் 12 ஆம்பியரைத் தாண்டும். தனித்தனிச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள். நீட்டிப்புக் கம்பியைச் சுருட்டியபடி பயன்படுத்தினால் சூடேறும். சிரிம் முத்திரையையும் பாருங்கள்.

2. கிரைண்டரின் தீப்பொறியை மரத்தூள் இருக்கும் உறிஞ்சியில் இழுக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

3. ஓடு, கான்கிரீட் அறுப்பது பயிற்சி பெற்ற பெரியவர்கள் வேலை. மலிவான உறிஞ்சி அந்தத் தூசுக்குப் போதாது.

4. உறிஞ்சி இருந்தாலும் என்95 முகக்கவசம் அணியுங்கள்.

வாங்கிய பின் ஒரு சோதனை

அறையை இருட்டாக்கி, உறிஞ்சியைக் கொஞ்சம் மரத்தூசை இழுக்க விடுங்கள். காற்று வெளியேறும் துளைக்குக் குறுக்கே கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சுங்கள். நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். கற்றையில் புகைபோல் மினுமினுப்புத் தெரிந்தால் வடிகட்டியில் கசிவு இருக்கிறது; சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். கற்றை தெளிவாக இருந்தால் உங்கள் பணம் வீண் போகவில்லை.