சதுரங்கத்துக்கு மார்க்குப் போடுவது எப்படி?

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் மார்க்குப் போடுகிறார். எண்பது வாங்கினால் எண்பதுதான். பக்கத்துப் பெஞ்சுக்காரன் கெட்டிக்காரனா, மண்டூகமா என்று அவர் பார்ப்பதில்லை. சதுரங்கத்தில் அப்படி அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மார்க்கு! அதற்கு 'ரேட்டிங்' என்று பெயர்.

2023-ஆம் ஆண்டுக் கடைசியில், சென்னைப் பெண் வைஷாலியின் எதிரே இந்த ரேட்டிங்தான் வாசற்படியாக நின்றது. ஓயாமல் தொலைக்காட்சி பார்க்கும் சிறுமியின் கவனத்தைத் திருப்பவே பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்களாம்! கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டியவை இரண்டு. பெரிய போட்டிகளில் மூன்று முறை உரிய தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். ரேட்டிங் ஒரு தடவையாவது 2500-ஐத் தொட வேண்டும். முதலாவதை அக்டோபரில் கத்தார் போட்டியில் அவர் முடித்துவிட்டார். பாக்கி, சொற்பப் புள்ளிகளே.

இந்தக் கணக்கை வகுத்தவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர். உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் இவரது முறையை ஏற்றுக்கொண்டது.

காஞ்சீபுரத்தை அடுத்த ஓரிக்கையில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் ரேட்டிங் 1600, எதிராளிக்கு 1800. வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. இருநூறு வித்தியாசம் இருந்தால், நூறு ஆட்டங்களில் இவளுக்கு 24 புள்ளி கிடைக்கலாம் என்கிறது ஈலோவின் அட்டவணை. அதாவது, ஆட்டத்துக்கு 0.24.

அவள் ஜெயித்துவிட்டாள்! எதிர்பார்த்தது 0.24, வந்தது 1. அதிகப்படியான 0.76-ஐ 40-ஆல் பெருக்கினால் 30.4. அத்தனையும் அவள் ரேட்டிங்கில் ஏறும். தோற்றிருந்தாலோ 9.6தான் நஷ்டம். ஆனால் 1400 ரேட்டிங்காரரோடு ஆடினால் கதை தலைகீழ். ஜெயித்தால் 9.6தான் லாபம், தோற்றால் 30.4 பறிபோகும். டிரா செய்தால்கூட 10.4 இறங்கும்!

அது என்ன 40? பதினெட்டு வயது வரை, 2300-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 40. அனுபவம் பெற்ற பெரியவர்களுக்கு 20. ஒரு முறை 2400-ஐ எட்டிவிட்டால் 10 மட்டுமே. புது மாட்டுப்பெண்ணைப் பற்றிய அபிப்பிராயம் நாளுக்கு நாள் மாறும். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளைப் பற்றி லேசில் மாறுமா? அதே நியாயந்தான்.

ஆகவே வைஷாலி, தமக்குச் சமமானவரை வென்றாலும் கிடைப்பது ஐந்தே புள்ளி. தோற்றால் ஐந்து போய்விடும். குருவி சேர்ப்பது போலச் சேர்த்து, 2023 டிசம்பர் முதல் தேதி ஸ்பெயினில் 2500-ஐத் தாண்டினார். ஹம்பி, ஹரிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் மூன்றாவது பெண் கிராண்ட் மாஸ்டர்! தம்பி பிரக்ஞானந்தா 2018-லேயே அந்தப் பட்டம் பெற்றவர். அக்காவும் தம்பியும் கிராண்ட் மாஸ்டர்களாக விளங்குவது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை.

உங்கள் வீட்டுக் குழந்தை பத்துப் புள்ளியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால், கோபிப்பதற்கு முன், "யாரோடு ஆடினாய், கண்ணு?" என்று கேளுங்கள். தன்னைவிடப் பலசாலியோடு ஆடித் தோற்றிருந்தால் நஷ்டம் கொஞ்சம்தான். அடுத்த முறை ஜெயித்தால் லாபமோ அதைப்போல் மூன்று மடங்கு. பலசாலியைக் கண்டு பயப்படாதே என்று கணக்கே சொல்லும்போது நாம் வேறு பயமுறுத்துவானேன்?