சூட்டுவலி என்று விட்டுவிடாதீர்கள்

கர்ப்பிணிக்கு வயிறு வலித்தால் வீட்டில் முதலில் சொல்லப்படுவது 'சூட்டுவலி'. சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பவர்களும் உண்டு. பெரும்பாலான வலிகள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அடங்காமல் மணிக்கு மணி கூடும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது கொடுக்கும் விளக்கெண்ணெய் பெரும் ஆபத்து. பிரசவத்தோடு தொடர்பில்லாமல் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் அவசர அறுவை சிகிச்சைகளில் முதலிடம் இந்த 'அப்பெண்டிக்ஸ்' நோய்க்குத்தான்.

கர்ப்பத்தில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். வாந்தியா, மசக்கை என்பார்கள். ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தியை மசக்கைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதிலும் வலி முன்னே வந்து வாந்தி பின்னே வந்தால் சந்தேகப்பட வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் வெள்ளணு எண்ணிக்கை 14,000 என்று இருக்கும். மற்றவர்களிடம் அது கிருமித்தொற்றின் அடையாளம். கர்ப்பிணிகளுக்கோ 16,000 வரைகூட இயல்பு. வீங்கிய குடல்வால் சிறுநீர்ப் பாதையை ஒட்டிக் கிடந்தால் சிறுநீரிலும் சீழணுக்கள் தெரியும். உடனே 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கிறது. வளர்ந்த கருப்பை வயிற்றுச் சுவரைக் குடல்வாலிலிருந்து விலக்கி வைப்பதால், உள்ளே சீழ் பிடித்திருந்தும் வயிறு கல்போல் இறுகாமல் போகலாம்.

கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே ஏறுகிறது என்று 1932இல் பேயர் என்ற மருத்துவர் எக்ஸ்ரே ஆய்வின் அடிப்படையில் எழுதினார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கடைசி மாதங்களிலும் பலருக்கு வலது அடிவயிற்றில்தான் வலிக்கிறது. சிலருக்கு விலாவுக்குக் கீழே வலிக்கலாம். இடத்தை மட்டும் வைத்து 'அது இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

கலிபோர்னியாவில் 3,133 கர்ப்பிணிகளின் குடல்வால் அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2007இல் ஓர் அறிக்கை வெளியானது. நோய் முற்றுமுன் அறுவை செய்தவர்களில் 2 சதவீதம் பேர் கருவை இழந்தனர். முற்றியபின் செய்தவர்களில் 6 சதவீதம். திறந்து பார்த்ததில் குடல்வால் நன்றாகவே இருந்தவர்களிலும் 4 சதவீதம் பேர் இழந்தனர். தாமதிப்பதும் கூடாது, ஊகத்தில் கத்தி வைப்பதும் கூடாது. அதனால்தான் ஸ்கேன் இத்தனை முக்கியமாகிறது.

முதலில் அல்ட்ராசவுண்ட். வயிறு பெரிதாகிவிட்டால் பலருக்குக் குடல்வால் அதில் தென்படாது. 'தெரியவில்லை' என்று எழுதி வரும் ரிப்போர்ட்டை 'நோய் இல்லை' என்று படித்து வீடு திரும்புவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. அடுத்தது எம்ஆர்ஐ, அதில் கதிர்வீச்சு இல்லை, ஊசிவழி மருந்து செலுத்தாமலே எடுக்கலாம். அதற்கு வசதி இல்லாத இடத்தில் சிடி ஸ்கேன் தேவைப்பட்டால், குழந்தைக்கு ஆகாது என்று மறுக்க வேண்டாம். வழக்கமான ஒரு சிடியில் கருவைச் சேரும் கதிர்வீச்சு, பாதிப்பு ஏற்படுத்துவதாகக் கருதப்படும் 50 மில்லிகிரே அளவுக்குக் கீழேயே இருக்கும்.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்பக்கம் நகரும் வலி, நடந்தாலும் இருமினாலும் கூடும் வலி, கூடவே பசியின்மையோ காய்ச்சலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு வெறும் வயிற்றோடு போங்கள். எப்போது, எங்கே வலி தொடங்கியது என்பதைச் சொல்லுங்கள். அறுவை என்றதும் குழந்தையை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கையெழுத்துப் போடத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. கருப்பையைத் தொடாமல், லேப்ராஸ்கோப்பி வழியாகவே எந்த மாதத்திலும் குடல்வாலை அகற்ற முடியும். கர்ப்பம் பெரும்பாலும் அப்படியே தொடரும்.