56 விழுக்காடு பெற்றும் தோல்வி

2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டொனால்ட் டிரம்ப் ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்குகள் பெற்று எளிதாக வென்றார். அதே நாளில், வயது வந்தோர் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கும் அரசமைப்புத் திருத்தமும் ஏறத்தாழ 56 விழுக்காடு பெற்றது. ஆனால், அது தோற்றது. காரணம், மாநில அரசமைப்பைத் திருத்த அங்கு 60 விழுக்காடு தேவை. அந்த விதியே 2006-இல் 58 விழுக்காட்டுக்கும் குறைவான ஆதரவில் நிறைவேறியது என்பது தனி வேடிக்கை.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க 1969-இல் 12 விழுக்காடு அமெரிக்கர்கள் ஆதரவு தெரிவித்தனர். 2023-இல் அது 70 விழுக்காடு என்கிறது கேலப் கணிப்பு. ஆயினும், ஹெராயினுடன் ஒரே பட்டியலில் அதை வைத்த 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2024 தேர்தல் வரை மாறவில்லை. ஏன்?

ஒரு கருத்தை எத்தனை பேர் கொண்டுள்ளனர் என்பது வேறு. அதற்காக எத்தனை பேர் தங்கள் வாக்கை மாற்றுவர் என்பது வேறு. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது முழுச் சாப்பாடு வாங்குவதைப் போன்றது. விலைவாசி, வரி, குடியேற்றம் எல்லாம் ஒரே இலையில் வருகின்றன. ஒரு கூட்டு பிடிக்கவில்லை என்பதற்காக எவரும் உணவகத்தை மாற்றுவதில்லை. இதை அரசியல்வாதிகள் நன்கறிவர். ஃபுளோரிடாவில் ஆளுநர் ரான் டிசான்டிஸ் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவரது கட்சியின் டிரம்ப்போ ஆதரித்து வாக்களிப்பதாக அறிவித்தார். அதனால் இருவருக்கும் அரசியல் இழப்பு ஏதுமில்லை.

நேரடி வாக்கெடுப்பு அந்தக் கூட்டைத் தனியே பரிமாறுகிறது. 2012-இல் கொலராடோவில் ஒபாமா பெற்றதைவிடக் கஞ்சாத் திருத்தம் அதிக வாக்குகள் பெற்றது.

ஆனால், தனியே பரிமாறும்போது சமைத்தவர் யார் என்ற கேள்வியும் எழுகிறது. ஃபுளோரிடா பிரசாரத்துக்கு மருத்துவக் கஞ்சா விற்கும் ட்ரூலீவ் நிறுவனம் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் வழங்கியது. தனிமனித உரிமை பற்றிய வினாவை, ஒரு நிறுவனத்தின் லாபம் பற்றிய வினாவாக எதிர்த்தரப்பு மாற்றிவிட்டது. நோயாளிகளுக்கான மருத்துவக் கஞ்சாவுக்கு 2016-இல் 71 விழுக்காடு அளித்த மாநிலம் அது.

தெற்கு டகோட்டாவின் அனுபவம் இன்னும் சிக்கலானது. 2020-இல் 54 விழுக்காட்டினர் ஏற்ற திருத்தத்தை, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை உள்ளடக்கியது எனக் கூறி மாநில உச்சநீதிமன்றம் 2021-இல் நீக்கியது. 2022-இல் வாக்காளர்களே நிராகரித்தனர். இடைக்காலத் தேர்தலில் இளைஞர்கள் குறைவாக வாக்களிப்பதே காரணம் என்று கூறப்பட்டது. அதிபர் தேர்தலுடன் நடந்த 2024 வாக்கெடுப்பிலோ எதிர்ப்பு மேலும் கூடியது. ஆக, அந்த விளக்கம் போதாது. ஆதரவு ஒருவழிப்பாதை அன்று.

கஞ்சா தீங்கற்றது என்று நான் கருதவில்லை. ஆயினும், பெரும்பான்மையின் முடிவைக் கேட்டுவிட்டு அளவுகோலை உயர்த்துவது எனக்கு உவப்பானதன்று. 2025-இல் ஃபுளோரிடா சட்டமன்றம், இத்தகைய திருத்தங்களுக்குக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டும் விதிகளை மேலும் கடுமையாக்கியது.