சூட்டை அளக்காத பெட்டி

ஜேர்மனியில் 2026 டிசம்பர் 31க்குள் அறையைச் சூடாக்கும் ஹைசுங்கை மாற்றப்போகிறார்களாம், செலவு யார் தலையில்? பிள்ளைகள் அங்கிருந்தும் பெற்றோர் மன்னார், பேசாலையிலிருந்தும் இதையே எழுதிக் கேட்கிறார்கள்.

மாறப்போவது ஹைசுங் அல்ல, செலவைப் பங்கிட அதன் முன்பக்கம் பூட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டி. ஆள் வீட்டுக்குள் வராமல் றேடியோ அலையிலேயே வாசிக்கக்கூடிய பெட்டிதான் இனி இருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி. மாதாமாதம் உங்கள் பாவனையை அறிவிப்பார்களாம். வெளிப்படைத்தன்மை என்கிறார்கள்.

அறையின் சூட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்திலுள்ள 1 முதல் 5 வரை இலக்கமிட்ட திருகு. அதன் தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து ஊசியைத் தள்ளி, சுடுநீரை மறிக்கும். குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும். மின்சாரமே வேண்டாம், அறைக்கு அறை தனிக்கட்டுப்பாடு. 3 என்றால் ஏறத்தாழ 20 பாகை, 5 என்றால் 28. பனிக்காலத்தில் இங்கிருந்து போகும் அம்மாமார் கெதியாய்ச் சுடட்டும் என்று 5இல் விடுவார்கள். கெதியாய்ச் சுடாது, 28 பாகை வரும்வரை நிற்காது, அவ்வளவுதான்.

பெட்டிதான் வில்லங்கம். பழைய வகையில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம். வருட முடிவில் எவ்வளவு வற்றியது என்று பார்ப்பார்கள். மன்னார் உப்பளத்துப் பாத்தி போல, ஹைசுங் பூட்டிக் கிடக்கும் கோடையிலும் அது கொஞ்சம் வற்றும். அதற்காகவே பூச்சியக் கோட்டுக்கு மேலும் நிரப்பி வைப்பார்கள். புதிய பெட்டி ஹைசுங்கின் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எதிலும் வருவது வெறும் அலகு. கட்டடத்தின் மொத்தச் செலவில் 50 முதல் 70 வீதத்தை அந்த அலகுப்படி பிரிக்கிறார்கள், மிச்சத்தைப் பெரும்பாலும் வீட்டின் பரப்பளவுப்படி. அயல்வீட்டார் சிக்கனம் பிடித்தால், உங்கள் அலகு கூடாமலே உங்கள் பங்கு ஏறும்! மாத அறிவித்தலில் கிலோவாட் மணி என்று கம்பீரமாக எழுதியிருக்கும். அது அலகிலிருந்து கணக்குப் போட்டு எடுத்தது, அளந்தது அல்ல.

செலவு? பொருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு. பெட்டியை அவர் வாடகைக்கு எடுத்தால், அந்த வாடகை உங்கள் பில்லில் ஏறும்.

மாற்றாவிட்டால்? உங்கள் பங்கில் 3 வீதம் கழிக்கலாம்.

ஆள் வருவாரா? பொருத்த வருவார், வாசிக்க வரார்.

பெட்டியைத் துணியால் மூடினால்? சூடு தேங்குவதைப் பிடித்துவிடும் பெட்டிகள் பல. பிறகு அறையை 20 பாகை என்றே வைத்து எண்ணும்.