மலைச்சரிவுக்கும் பார்க்குக்கும் ஒரே ஜோடி பனிச்சறுக்கு மட்டை: எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரரான ஆரிஃப் கான், ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் ஆகிய இரு பிரிவுகளில் களமிறங்கினார். இவ்விரு பிரிவுகளுக்கும் வெவ்வேறு மட்டைகள் தேவை. ஆண்களுக்கான ஸ்லாலம் மட்டையின் குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ.; ஜெயன்ட் ஸ்லாலத்துக்கு அது 193 செ.மீ. போட்டி வீரர்களுக்கு இது வழக்கமான செலவு. ஆண்டில் ஓரிரு வாரம் மட்டுமே குல்மார்க்குக்கோ அவுலிக்கோ செல்பவர் அவ்வாறு பல ஜோடிகளை வாங்க இயலாது. இந்தியாவில் இவ்வகை மட்டைகள் பெரும்பாலும் இறக்குமதியானவை என்பதால், ஒரே ஜோடியில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள விரும்புவோரே அதிகம்.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. 'ஆல் மவுன்டன்' எனப்படும் மட்டை, சமன் செய்யப்பட்ட தடம், இறுகிய பனி, புதுப்பனி என மலையின் எப்பகுதியிலும் நிலைகுலையாமல் செல்ல வேண்டியது. 'பார்க்' என்பது பனி மேடுகள், இரும்புக் குழாய்கள், பெட்டிகள் ஆகியவற்றை அமைத்துத் தாவலும் சுழற்சியும் பயிலும் இடம். முன்னதற்கு நீளமும் கூர்மையான விளிம்பும் உறுதியும் வேண்டும். பின்னதற்கு எளிதில் சுழலும் தன்மை, பின்னோக்கியும் சறுக்க உதவும் வடிவம், இரும்பில் மோதினாலும் உடையாத விளிம்பு ஆகியவை வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே மட்டையில் இணைக்கலாம் என்ற எண்ணம் பரவலானது 1990-களின் இறுதியில்தான். அதுவரை விற்பனையான மட்டைகளில் பெரும்பாலானவற்றின் பின்முனை தட்டையாகவே இருந்தது. தாவிச் சுழன்று பின்னோக்கித் தரையிறங்கினால் அது பனியில் குத்திக்கொள்ளும். சாலமன் நிறுவனத்தின் 'டென் எயிட்டி' இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த மட்டையாகச் சந்தைக்கு வந்த பின்னர், பனிச்சறுக்கின் போக்கே மாறியது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல், ஹாஃப்பைப் ஆகிய பிரிவுகள் பனிச்சறுக்கில் சேர்க்கப்படும் அளவுக்கு அது வளர்ந்தது. பின்னோக்கிச் சறுக்கும் எண்ணம் உள்ளவர் இரு முனை வளைந்த மட்டையைத் தவிர வேறொன்றைக் கருத வேண்டியதில்லை.

முதலில் நாள்களை எண்ண வேண்டும்

கடைக்குச் செல்லும் முன், கடந்த பருவத்தில் எந்தப் பனியில் எத்தனை நாள் சறுக்கினோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. விருப்பத்தை அல்ல, நடந்ததை எண்ண வேண்டும். வாங்குவோர் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கோண்டோலா கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம், அபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு அழைத்துச் செல்கிறது. மேற்பகுதியின் பெரும்பாலான சரிவுகள் இயந்திரத்தால் சமன் செய்யப்படாதவை. பனி பொழிந்தால் முழங்கால் ஆழத்துக்கும் மேல் புதுப்பனி கிடைக்கும். அவுலி வேறு வகை. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடைபெற்ற அச்சரிவில், சமன் செய்த தடத்திலேயே பெரும்பாலோர் சறுக்குகின்றனர். பயிற்சிக்காக துபாயின் உள்ளரங்கப் பனிக்கூடத்துக்குச் செல்வோரும் உண்டு; அங்கிருப்பது இயந்திரம் உருவாக்கும் பனி.

மட்டையின் நடுப்பகுதி அகலம் இங்கு முக்கியமாகிறது. அகலம் கூடினால் புதுப்பனியில் மூழ்காமல் மிதக்கும். குறைந்தால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு விரைவாக மாறும், இறுகிய பனியிலும் நன்கு பிடிக்கும். பார்க்குக்கென உருவாக்கப்படும் மட்டைகள் பொதுவாக 80 முதல் 90 மி.மீ. அகலமும், புதுப்பனிக்கானவை 105 மி.மீ.-க்கு மேலும் இருக்கும். ஒரே ஜோடி என்றால், அவுலியிலும் உள்ளரங்கிலும் அதிக நாள்களைச் செலவிடுபவருக்கு 85 முதல் 92 மி.மீ. போதும். குல்மார்க்கின் மேற்சரிவே இலக்கு என்றால் 95 முதல் 100 மி.மீ. பொருந்தும். அதற்கு மேல் சென்றால் பார்க்கில் மட்டை சுமையாகிவிடும்.

துளையிடும் இடமே தீர்மானிக்கிறது

விற்பனையாளர்கள் அகலத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசுகின்றனர். ஆனால் பூட்டை மட்டையுடன் இணைக்கும் 'பைண்டிங்' கருவி எந்த இடத்தில் பொருத்தப்படுகிறது என்பது, ஐந்து மில்லிமீட்டர் அகல வேறுபாட்டைக் காட்டிலும் கூடுதலாக மட்டையின் குணத்தை மாற்றும்.

மலைச்சரிவுக்கான மட்டைகளில் அது மட்டையின் சரியான நடுப்புள்ளியிலிருந்து 6 முதல் 12 செ.மீ. பின்னால் அமையும். முன்பகுதி நீண்டிருப்பதால் வேகத்தில் நிலைத்தன்மையும், புதுப்பனியில் முன்முனை மேலெழும் தன்மையும் கிடைக்கும். பார்க் மட்டைகளில் அது நடுப்புள்ளியிலோ, ஓரிரு செ.மீ. பின்னாலோ இருக்கும். முன்னும் பின்னும் எடை சமமாவதால் காற்றில் சுழல்வது எளிதாகிறது. அதே மட்டை ஆழ்ந்த பனியில் முன்முனை புதைந்து சறுக்குபவரைக் கவிழ்க்கவும் கூடும். இரண்டுக்கும் பயன்பட வேண்டுமெனில் 3 முதல் 5 செ.மீ. பின்னால் பொருத்துவது நல்ல சமரசம். எனினும் தயாரிப்பாளர் குறித்துள்ள கோட்டிலிருந்து வெகுதூரம் விலகக் கூடாது. மட்டையின் வளைவும் கடினத்தன்மையும் அக்கோட்டைக் கணக்கிட்டே அமைக்கப்படுகின்றன. பழைய துளைக்கு மிக அருகில் மீண்டும் துளையிட்டால் மட்டை வலுவிழக்கும் என்பதால், இம்முடிவை ஒரு முறையே சரியாக எடுக்க வேண்டும். முன்பின் நகர்த்தக்கூடிய பைண்டிங்குகள் உள்ளன. வாடகைக் கடைகள் பயன்படுத்துபவை அவையே. வாங்கும் முன் அவற்றில் இரண்டு நாள் சறுக்கிப் பார்ப்பது செலவைக் காக்கும்.

கட்டமைப்பில் கவனிக்க வேண்டியவை சில. காலுக்குக் கீழே மேல்நோக்கிய வளைவும், இரு முனைகளில் பனியைத் தொடாத எழுச்சியும் கொண்ட மட்டை இரு பயன்பாட்டுக்கும் ஏற்றது. உலோகத் தகடு பதித்த மட்டை இறுகிய பனியில் அதிர்வை அடக்கும். ஆனால் குழாயில் மோதியோ தவறாகத் தரையிறங்கியோ ஒருமுறை வளைந்தால் நிமிராது. பார்க்கில் இறங்குபவர் உலோகத் தகடு இல்லாத மர உள்ளகத்தைத் தேர்வது நன்று. நீளம் சறுக்குபவரின் மூக்கு முதல் உச்சந்தலை வரை இருக்கலாம். முனைகள் பனியைத் தொடாத மட்டையில் சற்று நீளமானதை எடுப்பதில் தவறில்லை.

விழும்போது காலைக் காப்பது எது?

வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் பைண்டிங்கில் பார்க்கக் கூடாது. விழும்போது பூட்டை விடுவித்துக் கீழ்க்கால், கணுக்கால் எலும்புகள் முறியாமல் காப்பது அதுவே. அதன் விடுவிப்பு எண்ணை ஐஎஸ்ஓ 11088 தரநிலையின்படி எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், சறுக்கும் முறை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட வேண்டும். தாவும்போது மட்டை கழன்றுவிடுகிறது என்று பார்க்கில் பலர் அந்த எண்ணைத் தாமாகவே உயர்த்துகின்றனர். தேவையான தருணத்தில் அது விடுவிக்காமல் போவதே விளைவு. சரியாக அமைத்தாலும் முழங்கால் தசைநார்க் காயங்கள் அனைத்தையும் பைண்டிங் தடுத்துவிடாது. பூட்டின் அடிப்பகுதி வழக்கமான ஆல்பைன் வகையா, நடப்பதற்கேற்ற 'கிரிப்வாக்' வகையா என்பதற்கேற்பப் பைண்டிங் பொருந்துகிறதா என்பதையும் கடையிலேயே சோதிக்க வேண்டும்.

அகலமான மட்டை தரும் துணிச்சலும் கவனிக்கத்தக்கது. 2023 பிப்ரவரியில் அபர்வாட் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். புதுப்பனியில் மிதக்கும் மட்டை பனிச்சரிவிலிருந்து எவரையும் காக்காது. தடத்துக்கு வெளியே செல்வோர் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, துழாவு கோல் ஆகியவற்றையும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையையும் உடன் கொள்ள வேண்டும். மட்டைக்கு ஒதுக்கிய தொகையில் இவற்றுக்கு இடமில்லை என்றால், மட்டையை வாடகைக்கு எடுத்துவிட்டு இவற்றை வாங்கலாம்.

இறுதியாக, விளிம்பு. குழாயில் சறுக்குவோர், கூர்மையான விளிம்பு இரும்பில் சிக்காமல் இருக்கக் காலுக்குக் கீழே அதைச் சற்று மழுக்குவர். காலை வேளையில் அவுலியின் உறைந்த தடத்தில் பிடிப்பைத் தருவதும் அதே பகுதிதான். ஒரே ஜோடியை வைத்திருப்பவர் அதை முழுவதும் மழுக்காமல், பிசிறுகளை மட்டும் வைரக்கல்லால் தேய்த்து நீக்கினால் போதும். பார்க்கில் கழிந்த ஒவ்வொரு நாளின் முடிவிலும் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, விரிசல் தென்பட்டால் மறுநாள் குழாயைத் தவிர்க்க வேண்டும். விரிசல் வழியே ஈரம் மர உள்ளகத்துக்குள் புகுந்தால் அந்த மட்டையைச் சீரமைப்பது கடினம்.