காப்பு மின்கலமும் கண் திறவாக் கருவியும்

சொட்டுநீர் பாய்ச்சுவதற்கும், தறிக்கூடத்தில் வேலை நேரம் குறிப்பதற்கும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லைக் கொண்ட கருவிகள் இன்று வந்துள்ளன. மின்சாரம் சரிவர வந்தும் இவற்றுள் ஒன்று துவங்காது நின்றுவிடுவதுண்டு. கோடையில் நீர் தவறினால் நாற்று தாங்காது. ஆகவே, பழுதென்று கருவியை ஒதுக்குமுன் அதன் காப்பு மின்கலத்தை நோக்குதல் நலம்.

இது பொத்தான் போன்ற 3 வோல்ட்டு மின்கலம். மின்சாரம் நின்றபோதும் கருவியின் கடிகாரத்தை ஓட்டுவது இதுவே. அக்கடிகாரத்தின் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்புக் கிடைக்கும்.

மின்கலம் இல்லையேல், மின்சாரம் நிற்குந்தோறும் படிகமும் நின்றுவிடும். மீண்டும் மின்சாரம் வந்ததும் நிரல் அதனை எழுப்பி, அது நிலைபெறும்வரை காத்திருக்கும். இதற்குச் சில வினாடிகள் ஆகலாம். படிகம் எழாவிடில், காத்திருப்புக்கு எல்லை வகுக்காத நிரல் அங்கேயே தங்கிவிடும். கருவி இறந்ததுபோல் தோன்றினும், உண்மையில் அது காத்துக்கொண்டிருக்கிறது.

மற்றொரு காரணம், மின்கலத்திற்குரிய காலை எதனோடும் சேர்க்காமல் விடுவது. எஸ்.டி.எம். 32 எஃப் 103 என்னும் சில்லில், மின்கலம் வேண்டாவிடில் அக்காலைச் சில்லின் மின்வழங்கலோடு இணைத்து, 100 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் வைத்தல் வேண்டும். டி.எஸ். 1307 என்னும் கடிகாரச் சில்லிலோ அக்காலை நிலமுனையோடு இணைத்தல் வேண்டும். மின்வழங்கல், மின்கல அழுத்தத்தின் 1.25 மடங்குக்குக் குறைந்தால் அச்சில்லு செய்தி ஏற்க மறுக்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்தாலோ எந்நாளும் மறுக்கும். ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாதென்பது இதனால் விளங்கும்.

செய்யத்தக்கவை:

1. மின்சாரத்தை நிறுத்தி, மின்கலத்தை மல்டிமீட்டரால் அளக்கவும். 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் குறைந்திருப்பின் மாற்றவும்.

2. மின்கலக் கூட்டின் தகடுகளில் களிம்பு ஏறியிருப்பின் துடைக்கவும். கூட்டல், கழித்தல் முனைகள் மாறலாகாது.

3. மின்கலமே இல்லாத பலகையாயின், அக்காலின் இணைப்பைச் சில்லின் விவரக் குறிப்போடு ஒப்பிடவும்.

4. நிரல் எழுதுவோர் காத்திருப்புக்குக் கால எல்லை வகுத்து, அது கடந்தால் சில்லின் உள் அலையியற்றிக்கு மாறச் செய்க. நேரம் மீண்டும் திருத்தப்படும்வரை, பொய்யான நேரத்தைக் கொண்டு நீர் வால்வைத் திறக்கலாகாது.

பழைய பொத்தான் மின்கலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர், விழுங்கினால் பேராபத்து.

சங்கத்தின் பொருட்டுக் கருவி வாங்குவோர், விலை கொடுக்குமுன் மின்கலத்தைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்திச் சற்று நேரம் கழித்து மீண்டும் கொடுத்துப் பார்ப்பார்களாக. அப்போதும் துவங்கும் கருவியே வயலுக்கும் தறிக்கும் உதவும்.