நரம்பா, தசைநாணா? ஸ்கேனில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மணிக்கட்டை அல்ட்ராசவுண்டில் குறுக்காகப் பார்த்தால், மீடியன் நரம்பும் விரல்களை மடக்கும் தசைநாண்களும் அடுத்தடுத்து வட்டம் வட்டமாகத் தெரியும். புதிதாகப் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

புரோபை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தசைநாண் சட்டென்று கறுத்துவிடும். நரம்பு அவ்வளவாக மாறாது. ஏன்? தசைநாணில் கொலாஜன் இழைகள் நெருக்கமாக, இணையாக ஓடுகின்றன. ஒலியலை செங்குத்தாக விழுந்தால்தான் எதிரொலி நேரே புரோபுக்குத் திரும்பும், படம் வெளுப்பாக வரும். சில டிகிரி சாய்ந்தாலே, கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல, எதிரொலி வேறு பக்கம் போய்விடும். இந்தக் கறுப்பைப் பார்த்துத் தசைநாண் கிழிந்துவிட்டதாக அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

இன்னும் சந்தேகமா? நோயாளியை விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். அதிகம் வழுக்கி ஓடுவது தசைநாண்.